கண்டிச் சீமையும் ஜெனீவா ஓட்டும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அயல்நாட்டில் மக்கள் கொல்லப்பட்டால் ஒரு அரசாங்கம் என்ன செய்யும்? பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனா அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக்காரங்களுக்கு இது தூரத்து விஷயமில்லை. மழை பொய்த்த வருஷங்களில் அன்றைய ராமநாதபுரம் ஜில்லா சனங்கள் பிழைக்கப் போனது கண்டிச் சீமைக்குத்தான். அந்தத் தோட்டத் தொழிலாளர்களை 1948-ல் இலங்கை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பிரித்தார்கள். அந்தச் சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1983 ஜூலைக் கலவரத்தின்போது டெல்லி உடனே அசைந்தது. அந்த மாதமே வெளியுறவு அமைச்சர் நரசிம்மராவ் கொழும்பு போனார். அப்புறம் 1987 ஒப்பந்தம், அமைதிப்படை எல்லாம் நீங்கள் அறிந்ததே.

2009 மே மாதம் போர் முடிந்ததும் நடந்ததுதான் வேடிக்கை. அதே மாதம் 27-ந் தேதி ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில், இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012-லும் 2013-லும் இலங்கையைக் கண்டிக்கும் தீர்மானத்தையும் ஆதரித்தது. 2014-ல் யாருக்கும் ஓட்டில்லை என்று ஒதுங்கியது. செத்தவர்கள் அதே மக்கள். ஐந்து வருஷத்தில் மூன்று விதமான ஓட்டு!

2013 மார்ச்சில் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார, தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகள் கொதித்தன. வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு தி.மு.க. மத்திய அரசிலிருந்து வெளியே வந்தது. அந்த நெருக்கடியில் விழுந்த ஓட்டு அது. ஆனால் 2014 தீர்மானத்தில்தான் சர்வதேச விசாரணை என்ற பல் முளைத்தது. பல் முளைத்ததும் இந்தியா நழுவிவிட்டது. சீனா கொழும்பில் காலூன்றும், நாளைக்குக் காஷ்மீரைக் கிளறுவார்கள் என்ற பயமும் டெல்லிக்கு உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். நாம மட்டும்தானா? 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் கொலை நடந்துகொண்டிருக்கும்போதே பாதுகாப்புக் கவுன்சில் தன் படையை 270 பேராகக் குறைத்தது. இனப்படுகொலை என்று சொன்னால் தலையிட வேண்டிவருமே என்று அமெரிக்க அதிகாரிகள் அந்த வார்த்தையையே தவிர்த்தார்கள்.

இனி பக்கத்துக்கு வருவோம். விருதுநகருக்கும் நமக்கும் நடுவே குல்லூர்சந்தையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றியது, நல்ல காரியம். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இவர்களுக்கு இடமில்லை. முகாமிலேயே பிறந்த பிள்ளை பட்டம் வாங்கினாலும் அரசு வேலைக்கு மனுப் போட முடியாது.

ஒரு சின்ன வழி இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். 83-க்குப் பின் வந்த குடும்பங்களில் அப்படி ஒருவரிருவர் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்க ஆள் வேண்டும். நம்ம சங்கத்தில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்களும் இருக்கிறீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குல்லூர்சந்தைக்கு வர முடிகிறவர்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் வாசல் மேசையில் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.