பெரிய ஆலையும் நம் பிள்ளைகளும்
(தொழிலாளர் வகுப்பில் நிகழ்த்திய உரை)



“பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டான், பெரிய எஞ்சினீயரிங் கம்பெனியில் சேர்க்கலாமா?” பஞ்சாலைத் தோழரும் கேட்கிறார், கழனியில் பாடுபடும் தோழரும் கேட்கிறார். லாபத்தையும் நஷ்டத்தையும் நிறுத்துப் பார்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

திருச்சிக்குப் பக்கத்திலுள்ள திருவெறும்பூரை எடுத்துக்கொள்வோம். 1965-ல் செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு எழுந்த கொதிகலன் ஆலை அங்கே இருக்கிறது. பாரத மிகுமின் நிறுவனத்தைச் சேர்ந்த அது, மக்கள் பணத்தில் கட்டப்பட்டது. மின் நிலையங்களில் நீரை ஆவியாக்கும் கொதிகலன்கள் அங்கே உருவாகின்றன. இப்படிப்பட்ட ஆலையில் வெல்டர் வைத்த பற்றை எக்ஸ்ரே எடுத்துச் சோதிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் பிரித்து மறுபடி வைக்க வேண்டும். அப்படிப் பழகிய கை எங்கு போனாலும் பிழைத்துக்கொள்ளும். இது முதல் லாபம்.

அடுத்த லாபம், நிலையான வாழ்வு. மழை பொய்த்தால் கழனியில் கூலி இல்லை. இங்கே நிரந்தரத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம், பிராவிடண்டு பண்டு, பணிக்கொடை, வைத்தியம் எல்லாம் உண்டு. இவை யாருடைய தயவாலும் வந்தவையல்ல. ஒரே வாசலில் ஆயிரம் பேர் நுழைகிற இடத்தில் சங்கம் வேரூன்றும். அந்தச் சங்கம் போராடிப் பெற்றவை இவை.

இனி நஷ்டத்தைப் பார்ப்போம். சூடும் புகையும் இரைச்சலும் இரவு ஷிப்டும் உடம்பைத் தின்னும். அதைவிடப் பெரிய கேடு, ஒரே வாசலில் இரண்டு ஜாதித் தொழிலாளிகள் நுழைவது. ஒருவர் நிரந்தரம், மற்றவர் காண்ட்ராக்ட். வேலை ஒன்று, கூலி வேறு! நிரந்தர வேலைகளில் காண்ட்ராக்ட் முறையைத் தடைசெய்ய 1970-ம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. ஆனால் அப்படித் தடைசெய்தாலும் தொழிலாளி தானாகவே நிரந்தரமாகிவிடமாட்டார் என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அப்ரண்டிஸ் பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம் என்று 1961-ம் ஆண்டுச் சட்டமும் சொல்லவில்லை.

ஆர்டர் குறைந்தால் முதல் அடி யாருக்கு? 2010-க்குப் பின்வந்த ஆண்டுகளில் அனல் மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் சுருங்கின. பெரிய ஆலை தாங்கி நின்றது. அதை நம்பியிருந்த சுற்றுவட்டாரச் சிறு பட்டறைகளும், அவற்றின் தொழிலாளர்களும்தான் தத்தளித்தார்கள்.

ஆகவே, பிள்ளையைத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் மூன்று கேள்வி கேட்டு அனுப்புங்கள். பெயர் யாருடைய மஸ்டரில் ஏறுகிறது? பிராவிடண்டு பண்டு எண் கையில் வந்ததா? பாதுகாப்புச் சாதனங்களை யார் தருகிறார்கள்? காண்ட்ராக்டர் கூலி தராமல் ஓடிவிட்டால், ஆலை நிர்வாகமே அதைத் தந்தாக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

நிரந்தரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்தில் நிற்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி உங்களுக்குப் போட்டியல்ல. அவருடைய கூலி தாழ்ந்திருக்கும் வரை உங்கள் கூலியும் ஆட்டங்காணும். அவரையும் சங்கத்தில் சேருங்கள்!