வீட்டினுள் ஊன்றும் போத்துகளும் எருவிற் படரும் பூசணமும்

(லப்பைக்குடிக்காட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதே. எனினும், மல்லிகைப் போத்துக்கும் ரோஜாக் குச்சிக்கும் காசு கொடுத்து, அவை அழுகக் கண்டவர்களுக்கு அது சிறிதன்று.

ஐப்பசி அடைமழையில் போத்துகளைத் தாழ்வாரத்திலோ அறைக்குள்ளோ வைத்து வளர்க்கின்றோம். சில நாட்களில் எருவின்மேல் வெண்பஞ்சுபோற் பூசணம் படர்கின்றது. இப்பூசணம் பெரும்பாலும் மட்காத பொருளைத் தின்று வாழ்வது. எருக்குழியில் வைக்கோலையும் சருகையும் மட்கச் செய்வதும் இத்தகையதே. ஆகவே, தொட்டியில் அது தோன்றினால், எரு முற்றவில்லை, ஈரம் மிகுந்துள்ளது, காற்றில்லை என்று அறிக. ஆனால் அந்த ஈரத்திலேயே பித்தியம், ரைசாக்டோனியா என்னும் அழுகல் நோய்க் கிருமிகளும் பெருகும். வெட்டுவாயுள்ள போத்துக்கு இவையே எமன்.

வேரில்லாத போத்துக்கு எரு எதற்கு? தண்டிற் சேர்ந்துள்ள உணவைக்கொண்டே அது வேர்விடும். தாய்மார்கள் அன்பினால் எருவை அள்ளி வைக்கின்றனர், அதுதான் கேடு. மூன்று நான்கு கணுக்களுள்ள போத்தின் அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, கழுவிய மணலிலேயே ஊன்றுங்கள். இதற்கென ஆற்றில் இறங்கி மணல் அள்ள வேண்டா. வீடு கட்டி மிஞ்சிய மணல் ஒரு கூடை போதும். வேர்விட்ட பின்னர், செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, முற்றிய எரு ஒரு பங்கு கலந்த தொட்டிக்கு மாற்றலாம்.

பூசணம் தோன்றிவிட்டாலோ, மூக்கைத் துணியாற் கட்டிக்கொண்டு மேலெருவை வழித்தெடுத்து வெளியே கொட்டுங்கள். அதன் தூள் இளைப்பு நோயாளருக்கு ஆகாது. விரற்கடை உயரம் உலர்மணல் பரப்புங்கள். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுங்கள். உதிர்ந்த இலையைத் தொட்டியில் விடாதீர்கள். பிளாஸ்டிக் பையால் மூடியிருப்பின் நாள்தோறும் சிறிது நேரம் திறந்து வையுங்கள். சிலர் வேப்பம்புண்ணாக்கைத் தூவுகின்றனர். ஈரத்தில் கிடந்தால் அதன்மேலும் பூசணம் படரும். போத்தின் அடி கறுத்து அழுகத் தொடங்கினால், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றவற்றுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றலாம். வருமுன் காக்க விரும்புவோர், டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தை முற்றிய எருவிற் கலந்து, ஈரப்பதத்துடன் நிழலில் வைத்திருந்து பயன்படுத்தலாம்.

சித்திரை வெயிலையும் வீணாக்க வேண்டா. நனைத்த தொட்டிமண்ணைத் தரையிற் பரப்பி, கண்ணாடிபோன்ற பாலிதீன் தாளால் இறுக மூடி நான்கு முதல் ஆறு வாரம் விட்டால், அச்சூட்டில் நோய்க்காளான்களிற் பெரும்பகுதி மாளும்.

உறுப்பினர்களுக்குத் தனியே ஒரு சொல். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளுக்குப் பின், மட்கும் குப்பையைப் பிரித்து எருவாக்கும் பொறுப்பு ஊராட்சி அமைப்புகள்மேல் அழுத்தமாக விழுந்துள்ளது. இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹாவர்டு, குவியலைப் பலமுறை புரட்டிக் காற்றூட்டி மூன்று மாத அளவில் எருவாக்கும் முறையை வகுத்தார். அவசரத்தில் புரட்டாமல் விட்ட எருவே வீட்டுத் தொட்டியில் பூக்கின்றது. கைப்பிடி எருவைப் பிழிந்தால் ஓரிரு துளிக்குமேல் நீர் சொட்டலாகாது. சிறிதளவைப் பையிலிட்டுக் கட்டி, ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். நாற்றமோ சூடோ இருப்பின், அக்குவியலை மீண்டும் புரட்டி வைத்துவிட்டு, மண்வாசம் வந்த பின்னரே மக்களுக்கு வழங்குமாறு வேண்டுகின்றோம்.