காலை வழிபாட்டில் ஒரு குரல்

(பந்தல்குடியில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலக மேடைகளில் புகழ்பெற்ற பாடகர்களையும் இசைக்குழு நடத்துநர்களையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் இசையாசிரியர் அல்லன். சமூக அறிவியல் நடத்துகிறவன். ராகம் சொல்லிப் பாடிக்காட்டத் தெரியாது. இருந்தாலும் இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் செய்த ஒரு தவறுதான் அது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தை அவள் எடுத்துக் கொடுத்தால் முன்னூறு பிள்ளைகளும் அவள் சுருதிக்கு வந்து சேர்வார்கள். ஒருநாள் அவள் என்னிடம் வந்து, "சார், பாட்டுப் படிக்கிறதுக்குன்னு பள்ளிக்கூடம் இருக்கா சார்?" என்று கேட்டாள். "முதல்ல பத்தாவது பாஸ் பண்ணு. பாட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் பத்தாவதில் தேறினாள். பிறகு நூற்பாலை வேலைக்குப் போனாள். நம் மாவட்டத் தலைநகரான விருதுநகரிலேயே அரசு இசைப்பள்ளி இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. கெட்ட எண்ணத்தில் நான் அப்படிச் சொல்லவில்லை. தெரியாமல் சொன்னேன். ஆனால் தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அதன் பிறகு தேடிப் படித்ததில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் ஊர் வழியாக மதுரை – தூத்துக்குடி நெடுஞ்சாலை போகிறது. வடக்கே போனால் மதுரை, தெற்கே போனால் எட்டயபுரம். இசை நமக்குத் தூரமான விஷயம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இந்தச் சாலையின் ஒரு பக்கத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தார். இன்னொரு பக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தார்.

முதலில் மதுரைக்குப் போவோம். எம்.எஸ். 1916 செப்டம்பர் 16 அன்று பிறந்தார். தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். வீட்டிலேயே பயிற்சி தொடங்கியது. பத்து வயதளவில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அவருடைய பள்ளிப் படிப்பைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் அடித்த அடியும், அதைத் தொடர்ந்து வந்த கக்குவான் இருமலும்தான் அவர் பள்ளியை விட்டு நிற்கக் காரணம் என்று, அவரோடு நெருங்கிப் பழகி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு வீட்டில் தாய் இருந்தார், வீணை இருந்தது. அதனால் பாட்டு பிழைத்தது. நம் பிள்ளைகளில் பலருக்கு அது இல்லை. அவர்களுக்கு நாம்தான் இருக்கிறோம்.

எம்.எஸ். 1963இல் எடின்பரோ விழாவில் பாடினார். 1966 அக்டோபரில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையில் பாடினார். 1977இல் கார்னகி அரங்கிலும், 1982இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கிலும் பாடினார். 1998இல் பாரத ரத்னா விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் இசைக்கலைஞர் அவரே. இந்தப் பட்டியலைப் பொது அறிவுக் கேள்வியாக நாம் பிள்ளைகளிடம் கேட்பதுண்டு. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஐ.நா. அவைக் கச்சேரியையே எடுத்துக்கொள்வோம். அங்கே பாடுவதற்காகக் காஞ்சிப் பெரியவர் வடமொழியில் ஒரு பாடலும், ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு பாடலும் எழுதிக் கொடுத்தார்கள். ராஜாஜியின் பாடலுக்கு மெட்டமைத்தவர் சென்னையில் மேற்கத்திய இசையில் தேர்ந்தவராக விளங்கிய ஹேண்டல் மானுவேல். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எம்.எஸ்., ஐம்பது வயதில் ஓர் ஆங்கிலப் பாடலை ஒவ்வொரு சொல்லாக உச்சரித்துப் பழகி, உலகத் தலைவர்கள் முன்னால் பாடினார். வேற்றுமொழிப் பாடல் எதுவானாலும், அந்த மொழி தெரிந்தவரிடம் உச்சரிப்பையும் பொருளையும் கேட்டு அறிந்த பிறகே மேடையில் பாடுவது அவர் வழக்கம். சித்தேஸ்வரி தேவியை ஆசிரியராகக் கொண்டு இந்துஸ்தானி இசையையும் கற்றார். புகழ்பெற்ற பிறகும் மாணவியாகவே இருந்திருக்கிறார்.

அந்தப் பயணத்தில் அவர் தனியாகப் போகவில்லை. உடன் பாட மகள் ராதா, வயலினுக்கு வி.வி. சுப்பிரமணியம், மிருதங்கத்துக்கு டி.கே. மூர்த்தி, கடத்துக்கு விநாயக்ராம் என்று ஒரு குழுவே போனது. விநாயக்ராம் பிற்காலத்தில் 'சக்தி' குழுவோடு உலகமெங்கும் வாசித்தார். கிராமி விருது பெற்ற 'பிளானட் டிரம்' இசைத்தட்டிலும் அவருடைய கடம் ஒலிக்கிறது. கச்சேரிக் கடத்துக்குப் பேர்போன ஊர் எது என்று உங்களுக்குத் தெரியும். திருச்சுழி, நரிக்குடி தாண்டினால் வரும் மானாமதுரைதான். உலக மேடை என்றால் பாடகர் ஒருவர் மட்டுமல்ல. பக்கவாத்தியக்காரர், கருவி செய்கிறவர், கச்சேரியை ஏற்பாடு செய்கிறவர் என்று பலருக்கும் அதில் இடம் உண்டு.

இனி எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறோம். அதே ஊரில்தான் தீட்சிதர் 1835இல் மறைந்தார். அவர் நினைவிடமும் அங்கே இருக்கிறது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தார். வெள்ளைக்காரர்களின் இசைக்குழு வாசித்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதரே வடமொழியில் பாடல்கள் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று அவற்றைச் சொல்கிறார்கள். சின்னச் சின்னப் பாடல்கள் என்பதால் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் பாடலாம்.

அந்த வம்சத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலை அச்சிட்டார். நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளை ஸ்வரக் குறிப்போடு எழுதிவைத்த நூல் அது. அதை எழுதும்படி தூண்டியவர்களில் முக்கியமானவர் சின்னசாமி முதலியார். கர்நாடக இசையை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதி அச்சிட்டவர். பாட்டை எழுத்தில் வைத்தால் அது ஊர் தாண்டும், தலைமுறை தாண்டும் என்பதை நம் கரிசல் பூமியில் நூறு ஆண்டுக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள்.

எழுத்தைச் சொன்னதும் இசைக்குழு நடத்துநரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் ஒருமுறை இதைச் சொன்னபோது, "நடத்துநர்னா பஸ் கண்டக்டரா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பே சிரித்தது. சிம்பொனி இசைக்குழுவில் எண்பது, நூறு பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பகுதி மட்டும் எழுதிய தாள் இருக்கும். நடத்துநர் முன்னால் அத்தனை பேருடைய பகுதியும் சேர்த்து எழுதிய புத்தகம் இருக்கும். மேடையில் சத்தமே எழுப்பாத ஒரே ஆள் அவர்தான். யார் எப்போது தொடங்க வேண்டும், யார் அடங்கி வாசிக்க வேண்டும், யாருடைய குரல் மேலே வர வேண்டும் என்பதையெல்லாம் கையாலும் கண்ணாலும் காட்டுவார். பாதி வேலை மேடை ஏறுவதற்கு முன்பே, ஒத்திகையில் முடிந்துவிடும்.

இந்தத் துறையில் உலகம் அறிந்த இந்தியர் சுபின் மேத்தா. 1936இல் பம்பாயில் பிறந்தவர். தந்தை மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர், அந்நகரில் சிம்பொனிக் குழு அமைத்தவர். மகன் மருத்துவப் படிப்புக்கான பாதையில்தான் முதலில் போனார். 18 வயதில் அதை விட்டுவிட்டு வியன்னாவுக்குப் போய், ஹான்ஸ் ஸ்வாரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் பயின்றார். அங்கே டபுள் பாஸ் என்ற ஆளுயர நரம்புக்கருவியையும் வாசித்தார். குழுவில் ஒருவராக உட்கார்ந்து பழகியவர் பிறகு குழுவை நடத்தினார். 1958இல் லிவர்பூல் போட்டியில் முதல் பரிசு பெற்றார். தொடர்ந்து மாண்ட்ரியல், லாஸ் ஏஞ்சலஸ் குழுக்கள். 1978 முதல் 1991 வரை நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவின் தலைமை.

பம்பாயில், இசைக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அது வாய்த்தது என்று சொல்லலாம். சரிதான். அப்படியானால் பண்ணைப்புரத்தைப் பாருங்கள். அண்ணன் பாவலர் வரதராசனின் பாட்டுக் குழுவோடு ஊர் ஊராகப் போன இளையராஜா, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக் குறியீட்டைக் கற்றார். 2025 மார்ச் 8 அன்று, 81 வயதில், அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு வாசித்தது. நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். அந்தக் கலைஞர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர் எழுதிய தாளைப் படித்தார்கள், வாசித்தார்கள். ஒருவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார், ஒருவர் கற்றுக்கொண்டார். அந்த இடத்திலிருந்துதான் பாதை திறந்தது. நாம் தினமும் செய்யும் வேலையும் அதுதானே?

நிறைவாக, நாம் செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுபவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, காலை வழிபாட்டை உன்னிப்பாகக் கேட்போம். அந்த நேரத்தில் வரிசையைச் சரிசெய்வதிலும் வருகைப் பதிவேட்டிலும் நம் கவனம் போய்விடுகிறது. எப்போதும் அதே நான்கு பேரைப் பாட நிறுத்தாமல், வாரம் ஒரு வகுப்புக்கு வாய்ப்புக் கொடுத்தால் இதுவரை கேட்காத குரல்கள் கேட்கும்.

இரண்டு, குரலைக் கெடுக்காமல் இருப்போம். "சத்தமாப் பாடு" என்பதற்குப் பதிலாக "சேர்ந்து பாடு" என்று சொல்லலாம். பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். அப்போது கேலி செய்தால் அதோடு பாட்டை விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாள் தாழ்ந்த சுருதியில் பாடவிட்டால் போதும்.

மூன்று, வாசல்களைத் தெரிந்துவைத்திருப்போம். பள்ளியளவில் கலைத் திருவிழா நடக்கிறது. விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் என்று மூன்றாண்டுப் படிப்புகள் அங்கே உண்டு. அதற்கு மேல் படிக்க மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. பெற்றோரிடம் பேசும்போது உள்ளதைச் சொல்வோம். எல்லாரும் கார்னகி அரங்குக்குப் போக மாட்டார்கள். ஆனால் இசையாசிரியராக, ஓதுவாராக, நாதசுரக் கலைஞராக, பக்கவாத்தியக்காரராகக் கௌரவமாகப் பிழைக்க வழி உண்டு. படிப்பைவிட்டுவிட்டுப் பாட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே போகலாம்.

அந்த மாணவியைச் சென்ற ஆண்டு அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கையில் ஒரு பெண் குழந்தை. "இன்னும் பாடுறியாம்மா?" என்று கேட்டேன். "இவளத் தூங்க வைக்கிறதுக்குத்தான் சார்" என்று சிரித்தாள். அந்தக் குழந்தை இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகளில் நம்மில் யாரோ ஒருவருடைய பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரும். பாட்டுப் படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று அதுவும் ஒருநாள் கேட்கலாம். அப்போது நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.