தோற்றவர் மனையின் மறுநாள்

வாகையும் தும்பையும் பாடிய தமிழ், தோற்றவன் மனையில் பின்னர் நிகழ்ந்ததையும் மறக்கவில்லை. பறம்பை இழந்த பாரி மகளிரின் பாட்டு, புறநானூற்றின் 112ஆம் பாட்டாக நிலைத்திருக்கிறது. பிற்காலத்தில் வீழ்ந்த அரச குடும்பங்களுக்கு அத்தகைய பாட்டு வாய்த்ததா என்பதே இவ்வுரையின் வினா.

படப்பை வழியே வாலாசாபாத் செல்லும் சாலை காஞ்சிபுரத்திற்கு இட்டுச் செல்கிறது. அதனை அடுத்த புள்ளலூரில் 1780இல் ஆங்கிலப் படையை முறியடித்தவர்கள் ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும். 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். அவருடைய மைந்தரும் மகளிரும் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். உதவித்தொகை இருந்தது, உரிமை இல்லை. 1806 சூலை 10 அன்று அக்கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து திப்புவின் கொடியை ஏற்றினர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்த கில்லெஸ்பியின் படை அன்றே அதனை அடக்கியது. திப்புவின் மைந்தர்கள் தொலைவிலுள்ள கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

பத்தாண்டுகளில் அதே வேலூருக்கு மற்றோர் அரச குடும்பம் வந்தது. 1815இல் சிறைபிடிக்கப்பட்ட கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன், நாயக்கர் மரபினன். அரசியரோடும் உறவினரோடும் கடல் கடத்தப்பட்டு, 1832இல் வேலூரிலேயே இறந்தான். இங்கிலாந்துக்குச் சென்ற அவன் அரியணை 1934இல் இலங்கைக்கு மீண்டது, அவன் மீளவில்லை. பாலாற்றங்கரை முத்துமண்டபம் அவன் நினைவைத் தாங்கி நிற்கிறது.

அவன் குற்றமற்றவன் என்பதன்று இங்குக் கருத்து. தன்னை எதிர்த்த எகலப்பொலையின் மனைவியையும் பிள்ளைகளையும் 1814இல் கொல்வித்தவன் அவனே. வாள் எடுத்தவர் எவராயினும், விலை கொடுத்தோர் இருபுறமும் மனையில் இருந்தோரே.

ஐரோப்பாவிலும் இதுவே நிகழ்ந்தது. முதல் உலகப் போரில் தோற்ற ஆசுத்திரியா 1919இல் உயர்குடிப் பட்டங்களை ஒழித்தது. அதன் கடைசிப் பேரரசர் கார்ல் 1922இல் மதீராத் தீவில் இறந்தார். மனைவியும் சிறு பிள்ளைகளும் அயல்மண்ணில் நின்றனர்.

அரியணை இழந்தவர்க்காக இரங்குவது முடியாட்சியைப் போற்றுவதாகாது. போரை முடிவு செய்யாதவர் அதன் சுமையை நெடுங்காலம் சுமந்தனர் என்பதை உணர்வதே அவ்விரக்கம். வேலூர்க் கோட்டையில் வாழ்ந்த மகளிருக்குக் கபிலர் போன்ற ஒரு துணை கிட்டவில்லை. அவர்தம் வாழ்வை ஆவணங்களில் தேடித் தமிழில் எழுதும் கடமை, பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் இளைஞர்களை எதிர்நோக்கி இருக்கிறது.