எல்லையோரக் கிராமங்களில் பாதாளச் சாக்கடை: நிதி எங்கிருந்து வரும்?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையில் எல்லையைக் கடக்கும் பயணி, மண்ணிலோ வீட்டமைப்பிலோ பெரும் வேறுபாடு காண்பதில்லை. ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு புரையிடம், அதில் தென்னை, ஒரு கிணறு, பின்புறம் ஒரு செப்டிக் தொட்டி. இந்தக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் உள்ள தூரமே இன்றைய உரையின் பொருளாகும்.

கேரளத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 95 விழுக்காடு வீடுகளில் கழிப்பிடம் இருந்தது. பெருமைக்குரிய நிலைதான். அதே கணக்கெடுப்பில் 62 விழுக்காடு வீடுகள் குடிநீருக்குக் கிணற்றையே முதன்மையாக நம்பியிருந்தன என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,508 பேர் வாழ்ந்தனர். குடும்பச் சொத்து பங்கு பிரியப் பிரிய மனைகள் சுருங்குகின்றன. குடிநீர்க் கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையே 7.5 மீட்டர் இருக்க வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. ஐந்து சென்ட் மனையில் தன் கிணற்றிலிருந்து அத்தூரம் விலகுபவர், அண்டை வீட்டாரின் கிணற்றை நெருங்கிவிடுகிறார்.

செப்டிக் தொட்டி கழிவை முழுமையாகத் தூய்மைப்படுத்துவதில்லை. திடப்பொருள் அடியில் தங்கிச் சிதைகிறது. மேல்நீர் உறிஞ்சு குழி வழியே மண்ணுக்குள் செல்கிறது. மண் அதை வடிகட்டும் என்பது கணிப்பு. செம்புரைக்கல்லின் துளைகளிலும், தென்மேற்குப் பருவமழையில் நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும் நாட்களிலும் இக்கணிப்பு பொய்த்துவிடக்கூடும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும் என்பதோ பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கிறது. தொட்டி நிரம்பி வழிந்தால்தான் லாரி நினைவுக்கு வருகிறது.

ஆகவே பாதாளச் சாக்கடை அமைத்துவிடலாமே என்று கேட்பது இயல்பு. ஆனால் சாக்கடைக் குழாய்க்குத் தண்ணீர் வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்குவது மத்திய அரசின் பொறியியல் வரையறை. அதில் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்புகிறது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் கிராமங்களுக்கு வகுத்த அளவு 55 லிட்டர். அதை மட்டும் நம்பினால் 44 லிட்டரே திரும்பும். கிணற்று நீர் துணை செய்யும் என்றாலும், வீடுகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் மெலிந்த ஓட்டம் கசடை அடித்துச் செல்லாது. குழாய் அடைக்கும்.

அடுத்தது பணம். தூய்மை இந்தியா இயக்கத்தின் கிராமப்புற இரண்டாம் கட்டம் 2020-இல் தொடங்கியபோது, 5,000 பேருக்கு மேற்பட்ட ஊர்களில் வீட்டுக் கழிவுநீருக்கு நபருக்கு 660 ரூபாயும், மலக்கசடு மேலாண்மைக்கு 230 ரூபாயும் உச்சவரம்பாக வகுக்கப்பட்டன. பத்தாயிரம் பேருக்குக் கணக்கிட்டால் 89 இலட்சம் ரூபாய். கசடு லாரிக்கும் வடிகாலுக்கும் இது உதவும். தெருத்தோறும் ஆழத் தோண்டிக் குழாய் பதிக்க இது போதாது. பதினைந்தாம் நிதிக்குழு 2021-26 காலத்திற்குக் கிராம உள்ளாட்சி மானியத்தில் 30 விழுக்காட்டைத் துப்புரவுக்கென ஒதுக்கியது. நெய்யாற்றின்கரை நகராட்சியாதலால், ஓர் இலட்சத்துக்குக் குறைந்த நகரங்களின் கழிவுநீருக்கென 2021-இல் வகுக்கப்பட்ட நகர்ப்புறத் திட்டத்தில் இடம்பெறத் தகுதியுடையது. பாறசாலை ஊராட்சியாதலால் அதற்குத் தகுதியில்லை. கழிவுநீர் இந்த வகைப்பாட்டை அறியாது!

மக்களிடமே பணம் கேட்ட ஊர் ஒன்று உண்டு. சென்னையை ஒட்டிய ஆலந்தூர் நகராட்சி, செப்டிக் தொட்டிகளை நம்பியிருந்த காலத்தில், 1990-களின் பிற்பகுதியில் சுமார் 34 கோடி ரூபாய் மதிப்பில் திட்டம் வகுத்தது. வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனத்துக்கு 10,000 ரூபாய் இணைப்பு வைப்புத்தொகை. குழாய் பதிக்குமுன்பே பணம் கேட்பதென்றால் யார் நம்புவர்? நகராட்சித் தலைவரும் குடியிருப்போர் சங்கங்களும் வீடு வீடாகச் சென்றனர். திரட்டிய தொகை தனிக் கணக்கில் வைக்கப்பட்டது. பல கோடி ரூபாய் சேர்ந்தது. எஞ்சியதற்குத் தமிழ்நாடு நகர்ப்புற நிதி நிறுவனங்களின் கடனும் மானியமும் துணை நின்றன. சுத்திகரிப்பு நிலையம் தனியார் கட்டி இயக்கி ஒப்படைக்கும் முறையில் அமைந்தது.

ஆலந்தூரை அப்படியே பெயர்த்துப் பாறசாலையில் நடுவது தவறாகும். அது நெருக்கமான நகரம். ஒரு தெருவில் பல குடும்பங்கள் செலவைப் பகிர்ந்தன. எல்லையோரக் கிராமத்தில் ஒரு வீட்டுக்குத் தேவைப்படும் குழாய் நீளம் அதிகம். ஆனால் ஆலந்தூரின் வரிசைமுறை கொள்ளத்தக்கது: முதலில் இசைவும் பணமும், பின்னரே ஒப்பந்தம். இவ்வரிசை தலைகீழானால் என்ன நேரும் என்பதற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரம் முட்டத்தறையில் 2013-இல் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள நிலையம் திறக்கப்பட்டது. வீட்டிணைப்புகள் உரிய வேகத்தில் வராமையால், அது நெடுநாள் கொள்ளளவுக்குக் குறைந்தே இயங்கியது. பின்னர் லாரிகள் கொணரும் செப்டிக் கசடும் அங்கே ஏற்கப்பட்டது. கூலித்தொழிலாளியின் வீட்டுக்கு வைப்புத்தொகையைத் தவணையாக்காமல் இசைவு கேட்பதும் நியாயமாகாது. இணையாத அவ்வீட்டின் தொட்டியே அடுத்த வீட்டுக் கிணற்றைக் கெடுக்கும்.

இடைப்பட்ட வழி ஒன்று பொறியாளர்க்குத் தெரிந்ததே. நெரிசலான சந்தைப் பகுதிகளிலும் நெடுஞ்சாலையோரத்திலும் செப்டிக் தொட்டியை நீக்காமல், அதன் மேல்நீரை மட்டும் சிறு விட்டக் குழாயில் சேர்ப்பது. கசடு தொட்டியிலேயே தங்குவதால் குழாய்க்கு ஆழமும் சரிவும் குறைவாகத் தேவை, தண்ணீரும் குறைவாகப் போதும். எஞ்சிய சிதறிய வீடுகளுக்கு மூன்றாண்டுச் சுழற்சியில் லாரி, அதற்கு வீட்டு வரியோடு சேர்த்துச் சிறு கட்டணம். தொட்டிக்குள் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது; 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தியது. உறிஞ்சும் இயந்திரத்தின் விலையை மதிப்பிடும் ஊராட்சி இதையும் கணக்கில் கொள்ளட்டும்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கு இயல்பான இடம் தாழ்நிலம். அது எல்லைக்கு அப்பால் அமைந்தால் இரு மாநில உள்ளாட்சிகள் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கும். நெய்யாற்று நீரைப் பகிர்வதிலேயே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ள நிலையில், கழிவுநீரைப் பகிர்வது எளிதென்று சொல்ல இயலாது. ஆயினும் கோடையிலும் மழைக்காலத்திலுமாக இருமுறை இருபுறத்துக் கிணறுகளின் நீரையும் சோதித்து, ஒரே பட்டியலாக இரு ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டிவைப்பதற்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளரிடம் அந்தப் பட்டியல் முதலில் சென்று சேர வேண்டும்.