பாவிக்கிறவர் பக்கம் நின்று பார்க்கும் படிப்பு
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பேசியது)



பாக்டரியில் மெஷினுக்கு முன்னால் நிற்கிறவன் இப்ப என்ன படிக்கிறான் என்று கனபேர் கேட்டீர்கள். அதன் பெயர் 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைன்'. ஒரு பொருளையோ, படிவத்தையோ, போன் திரையையோ பாவிக்கிற ஆள் தடுமாறாதபடி அமைக்கிற வேலை. 24 வாரம், மாலை வகுப்பு. தொடங்கி மூன்று கிழமைதான் ஆகிறது. ஆகவே பண்டிதர் மாதிரிக் கதைக்க வரவில்லை.

முதல் கிழமை கொம்பியூட்டரைத் திறக்கவே விடவில்லை. ஊருக்குள் போய்க் கதவுகளைப் பார்த்து வரச் சொன்னார்கள். தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் ஆட்கள் முட்டுப்படுகிற கதவுகள். டொனால்ட் நோர்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத்தான் எழுதினார். பிழை முட்டுகிற ஆளில் இல்லை, கதவைச் செய்த விதத்தில் இருக்கிறது என்றார். 1993இல் அவர் ஆப்பிள் கொம்பனிக்குப் போன பிறகுதான் 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல் பரவியது.

பாக்டரியில் நிற்கிற எங்களுக்கு இது புதிதல்ல. பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கையாலும் ஒன்றாக அமத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே அகப்பட வழியில்லை. 'கவனம்' என்று போர்டு தொங்கவிடுவதைவிட இது எவ்வளவோ திறம்.

இரண்டாம் கிழமை ஒரு படிவம் கீறினோம். எல்லாரும் 'ஃபோர்நாமே', 'நாக்நாமே' என்று இரண்டு கட்டம் போட்டார்கள். எங்கட ஆட்கள் இந்த இரண்டு கட்டத்தில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தகப்பன் பெயரை எங்கே எழுதுவது? ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு குடும்பப்பெயர், பிள்ளைக்கு வேறொன்று. நீளப் பெயர் என்றால் பாதியில் வெட்டுப்படும். பிறகு கந்தோருக்குக் கந்தோர் விளக்கம் சொல்லித் திரிய வேண்டும். நான் எழும்பி இதைச் சொன்னேன். என்னுடைய டொச் அவ்வளவு சுத்தமில்லை, ஆனாலும் விளங்கிவிட்டது. ஆசிரியை இரண்டையும் அழித்து 'முழுப்பெயர்' என்று ஒரே நீளக் கட்டம் போட்டா. அந்த வகுப்பில் வேறு ஒருவருக்கும் தெரியாத விஷயம் எங்கள் வீட்டில் சாதாரண விஷயம்.

தம்பிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். படித்து முடித்த கையோடு வேலை என்று விளம்பரம் போடுவார்கள். அதை நம்பிக் கடன் எடுக்காதேங்கோ. ஜேர்மனியில் வேலைவாய்ப்பு அலுவலகம் 'பில்டுங்ஸ்குட்ஷைன்' என்ற கல்விச் சீட்டுக் கொடுக்கிறது. எல்லாருக்கும் கிடையாது, ஆலோசகர்தான் தீர்மானிப்பார். வேலை இல்லாதவர்களும் வேலை போகப்போகிறவர்களும் போய்க் கேட்டுப்பார்க்கலாம். படிப்புத் தொடங்க முதலே சீட்டுக் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு உதவி. யாக்கோப் நீல்சன் என்பவர் 2000இல் எழுதினார், ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குழப்பங்கள் வெளியே வந்துவிடும் என்று. டொக்டரிடம் நேரம் எடுக்கிற திரையைக் காகிதத்தில் கீறிக் கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு பின் மேசையில் இருப்பேன். அம்மாமார் ஐந்து பேர் வேண்டும். விரலால் தொட்டுக் காட்டுங்கோ, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கோ. நீங்கள் தடுமாறினால் நான் உதவி செய்யமாட்டேன், கோபிக்க வேண்டாம். அப்படித்தான் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.