நம் வட்டாரத்துப் பால்வாடிகள்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



உயர்கல்வி பற்றியும் உதவித்தொகை பற்றியும் இம்மேடையில் பலர் பேசிவிட்டனர். நான் மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். நாம் பால்வாடி என்று அழைத்துவரும் அங்கன்வாடி மையங்கள் மூன்றினைச் சென்ற மாதம் நேரில் கண்டு வந்தேன்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிற்று. 1982 ஜூலை முதல் நாள் தமிழ்நாட்டில் சத்துணவு வந்தபோது, பால்வாடிக் குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டனர். ஆகவே சோற்றிலும் முட்டையிலும் இம்மூன்று மையங்களுக்குள் வேற்றுமை காணமுடியாது. வேற்றுமை வேறிடத்தில் உள்ளது.

முதல் மையம் ஊர்த்தெருவில், சாவடிக்குப் பின்புறம் இருக்கிறது. நல்ல கட்டடம், கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. பதிவேட்டில் நம் குழந்தைகள் நால்வரின் பெயர் உண்டு. நான் சென்ற அன்று ஒருவரும் இல்லை. நம் தெருவில் விசாரித்தேன். குழந்தை தண்ணீர்க் குடத்தைத் தொட்டதற்கு யாரோ ஏதோ சொன்னதாகவும், அதன்பின் அனுப்பவில்லை என்றும் ஒரு தாய் கூறினார். என்ன சொன்னார்கள் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

இரண்டாவது, நம் காலனிச் சமுதாயக் கூடத்தில் நடப்பது. அது வந்த வரலாற்றை இளைஞர்கள் அறியவேண்டும். உணவு உரிமை வழக்கில், புதிய மையங்கள் அமைப்பதில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தருமாறு உச்ச நீதிமன்றம் 2004-இல் கூறிற்று. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேர் இருந்தும் மையமில்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்திற்குள் தரவேண்டும் என்று 2006 டிசம்பரில் ஆணையிட்டது. நம் சங்கத்தார் வீடு வீடாகக் குழந்தைகளை எண்ணி மனுக்கொடுத்தது அந்த ஆணையை வைத்துத்தான். இன்று கூரை ஒழுகுகிறது; எடை பார்க்கும் தராசு பழுது. ஆயினும் இடம் நிறையக் குழந்தைகள்! வராத பிள்ளையை ஆயா வீட்டுக்கே சென்று இடுப்பில் தூக்கி வருகிறார். ஊர்த்தெருக் குழந்தை மட்டும் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது, நெடுஞ்சாலைக்கு அப்பால், தொடக்கப்பள்ளி வளாகத்தில் உள்ளது. இரு தெருப் பிள்ளைகளும் வருகின்றனர். பெயரின் அகரவரிசைப்படி ஒரே வரிசையில் அமர்த்துகிறார் ஆசிரியை. சமைப்பவர் நம் பெண். தொடக்கத்தில் சில வீட்டார் பிள்ளைகளை நிறுத்தினராம், சமைப்பவர் மாற்றப்படவில்லை, சில வாரங்களில் பிள்ளைகள் திரும்பிவிட்டனர். அடுத்த அறைதான் முதல் வகுப்பு என்பதால், பள்ளியில் சேரும் நாளில் அழுகையும் இல்லை.

அப்படியானால் நம் மையத்தை மூடிவிட்டு எல்லோரையும் அங்கே அனுப்பலாமே என்கின்றனர் இளைஞர் சிலர். களையெடுப்புக்குக் காலை ஏழு மணிக்கே கிளம்பும் தாய், மூன்று வயதுப் பிள்ளையை லாரி ஓடும் சாலையைக் கடந்து எவ்வாறு விட்டுவருவாள்? அதற்கு நான் இசையேன். நம்முடையதே போதும் என்னும் பெரியவர்களுக்கும் இசையேன். பிரிந்து உட்காருவதையே நம் பிள்ளை முதற்பாடமாகப் படிக்கவேண்டுமா? நான்கு வயது வரை இங்கே, பள்ளி சேருமுன் ஓராண்டு அங்கே என்பது என் கருத்து.

அதற்குக் காலையும் மாலையும் பிள்ளைகளைச் சாலை கடத்திவிட நாளொன்றுக்கு இருவர் வேண்டும். வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்கு என் பெயரை எழுதிவிட்டேன், இன்னொருவர் தேவை.